ஆகாயத்தில் ஒரு வேலி

நிலத்துக்கு வேலி உண்டு. ஆகாயத்துக்கு ஏது வேலி என்றுதான் நாமெல்லாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆனால் 1988-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் ஆகாயத்திலும் ஒரு வேலியைப் போட்டுவிட்டது. அந்த வேலியின் கதை வெறும் சட்டக் கதையன்று, மனிதர்களின் கதையுங்கூட.

அமெரிக்காவில் ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ் என்ற பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் நிகழ்ச்சிகளை ஊருக்கு ஊர் உள்ள நிலையங்களின் மூலமாகவே மக்களுக்குக் கொடுத்து வந்தன. நாடு முழுவதும் 210 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தந்த வட்டாரத்து நிலையந்தான் அங்கே அந்த நிகழ்ச்சிகளுக்கு உரிமைக்காரர். உள்ளூர்க் கடைக்காரர் கொடுக்கும் விளம்பரப் பணத்தில் நிலையம் நடந்தது; அந்தப் பணத்தில்தான் உள்ளூர்ச் செய்தியும் புயல் எச்சரிக்கையும் வந்தன.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவே செயற்கைக் கோள் வந்து சேர்ந்தது. மலைச்சரிவில் தனியாக வசிக்கும் குடியானவர் முற்றத்தில் ஒரு பெரிய கிண்ணத்தை நிறுத்தினார். நியூயார்க் நிலையம் அவர் கூடத்துக்கே வந்துவிட்டது! உள்ளூர் நிலையத்தாருக்கு வயிற்றைக் கலக்கியது. இருவருக்கும் சமாதானமாக 1988-இல் ஒரு சட்டம் பிறந்தது. கூரைமேல் ஆன்டெனா வைத்தும் உள்ளூர் நிலையத்தின் அலை போதிய வலுவுடன் கிடைக்காத வீட்டுக்கு மட்டும் வெளியூர் நிலையத்தைக் கொடுக்கலாம், மற்றவர்களுக்குக் கூடாது. இதுவே ஏற்பாடு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டில் அலை கிடைக்கவில்லை என்பதை யார் சொல்வது? வாடிக்கையாளரையே கேட்டால், "படம் தெளிவாக இல்லை" என்றுதானே சொல்லுவார்? 1998-இல் மயாமி நீதிமன்றம் இந்தக் கேள்விக்குக் கறாராகப் பதில் சொல்லிற்று: வாடிக்கையாளரின் வாய்ச்சொல் அளவுகோலன்று, அலையின் வலுவே அளவுகோல். 1999-இல் வந்த சட்டம் அலையைக் கணக்கிட்டுச் சொல்லும் முறை ஒன்றை வகுத்தது. கணக்கு பாதகமாக வந்தால் உள்ளூர் நிலையத்திடமே விலக்குக் கேட்கலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

இதற்கிடையில் 'டிஷ் நெட்வொர்க்' சேவையை நடத்திய எக்கோஸ்டார் நிறுவனம், தகுதியில்லாத வீடுகளுக்கும் வெளியூர் நிலையங்களை விற்றது என்று வழக்கு வந்தது. வருஷக்கணக்கில் நடந்த வழக்கு அது. 2006 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனியின் குற்றத்தை உறுதி செய்தது. அப்போதுதான் சட்டத்தின் ஒரு வரி விசுவரூபம் எடுத்தது. நாடு தழுவிய அளவில் தொடர்ந்து சட்டத்தை மீறும் கம்பெனிக்கு அந்த உரிமையே நிரந்தரமாகப் போய்விடும். நீதிபதிக்கு இரக்கம் காட்ட இடமில்லை. கம்பெனி 10 கோடி டாலருக்குப் பல நிலையங்களோடு ராஜி பேசி முடித்தது. ஃபாக்ஸ் தன் சொந்த நிலையங்களின் சார்பில் சேரவில்லை. ஃபாக்ஸின் உரிமையாளரான நியூஸ் கார்ப்பரேஷனிடந்தான் போட்டிக் கம்பெனியான டைரக் டி.வி.யின் கட்டுப்பாடும் அப்போது இருந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ராஜி நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

2006 டிசம்பர் 1-ஆம் தேதி திரை இருண்டது. ஏறக்குறைய 9 லட்சம் வாடிக்கையாளர்கள் வெளியூர் நிலையங்களை இழந்தார்கள். அவர்களில் சட்டத்தை மீறிப் பார்த்தவர்களும் உண்டு. சட்டம் சொன்னபடியே, உள்ளூர் அலை எட்டாத பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தவர்களும் உண்டு. தடை இருவரையும் ஒன்றாகவே தள்ளிவிட்டது. குற்றம் கம்பெனியுடையது, தண்டனையில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தாக்குக் குடியானவருக்கு!

2010-இல் காங்கிரஸ் ஒரு வாசலைத் திறந்தது: 210 வட்டாரங்களுக்கும் உள்ளூர் நிலையங்களைக் கொடுக்கும் கம்பெனிக்கு இழந்த உரிமை மீளும். டிஷ் அப்படியே செய்து உரிமையைத் திரும்பப் பெற்றது. 2019-இல் வந்த சட்டமோ அந்த உரிமையையே பெரும்பாலும் முடித்து வைத்தது. 2020 ஜூன் முதல் லாரி ஓட்டிகள், வண்டி வீட்டில் ஊர் சுற்றுவோர், ஏதேனும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நிலையமே இல்லாத வட்டாரத்தார் ஆகியோருக்கு மட்டுமே அது மிஞ்சியது.

வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வேலியில்லாவிட்டால் உள்ளூர்ப் பயிர் பிழைக்காது. ஆனால் வேலி போடுகிறவர்கள், மேயவந்த மாட்டை விரட்டும்போது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்த மனிதரையும் சேர்த்து விரட்டாமலிருக்கப் பழக வேண்டும். 2006-இல் அந்தப் பள்ளத்தாக்கில் இருண்ட திரை சொன்ன பாடம் அதுதான்.