நேர்ப்பேச்சின் விலையை யார் கொடுக்கிறார்? அன்றாட வாக்குவாதங்களில் உண்மையும் இங்கிதமும்: ஈச்சிலம்பற்றை முன்வைத்து

1. வாதம்

அன்றாட வாக்குவாதங்களில் இரண்டு நியாயங்கள் முட்டிக்கொள்கின்றன. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது ஒன்று. முகம் முறியப் பேசக்கூடாது என்பது மற்றையது. இவற்றுக்கு நடுவே கோடு எங்கே விழுகிறது என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொற்களை வைத்தே விடை தேடப்படுகிறது. எந்தச் சொல் தடித்தது, எந்தச் சொல் அளவோடு நின்றது என்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம்.

இக்கட்டுரை அக்கோட்டைச் சொற்களில் தேடவில்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வில் தேடுகிறது. நேர்ப்பேச்சு எதுவாயினும் அதற்கொரு விலை உண்டு. அவ்விலையைப் பேசுபவர் தாமே ஏற்றால் அது நேர்மை. கேட்பவர் தலையில் சுமத்தினால் அது கொடுமை. ஆகவே, கீழிருந்து மேலே செல்லும் உண்மை கடுமையாக வந்தாலும் பொறுக்கப்பட வேண்டும். மேலிருந்து கீழே வரும் உண்மை இங்கிதத்தோடுதான் வர வேண்டும். நம் ஊர்களின் நடைமுறை இதற்கு நேர்மாறானது.

2. களம்

ஈச்சிலம்பற்று, திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ளது. பழைய கொட்டியாரப்பற்றின் தென்பகுதி இது. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு தெற்கே ஓடுகிறது. ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கதிரவெளியும் வாகரையும். வயலும் மாடும் மீன்பிடியுமே சீவியம்.

2004 ஏப்ரலில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பிளவு இந்த ஆற்றங்கரையில் சண்டையாக வெடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 26இல் கடற்கோள் வந்தது. 2006இல் போர் மூண்டபோது இப்பகுதி மக்கள் வாகரைப் பக்கமாக இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றம் 2007இல் தொடங்கியது. இத்தகைய காலங்களில், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பது உயிரோடு தொடர்புபட்ட விடயமாக இருந்தது. கேட்பவர் ஆயுதத்தோடு நிற்கையில் “பிரச்சினை ஒண்டும் இல்லை ஐயா” என்பதுதான் பாதுகாப்பான மறுமொழி. அந்த மறுமொழியை இங்கிதம் என்று பெயரிட்டுப் பாராட்ட முடியாது. அது பயத்தின் கணக்கு. போர் முடிந்த பின்னும் அந்தக் கணக்கு வாயில் பழக்கமாகத் தங்கிவிடுகிறது. எனவே இத்தகைய ஓர் ஊரில் பணிவான பேச்சைக் கேட்டதும் அங்கே இணக்கம் நிலவுகிறது என்று முடிவுகட்டுவது ஆய்வாளர் செய்யக்கூடிய முதற் பிழை.

3. இரண்டு கோட்பாடுகள்

இங்கிதத்தை ஆராய்ந்த நூல்களில் மிகுதியாக எடுத்தாளப்படுவது பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக்கிய ஆய்வு. ஆங்கிலம், மெக்சிக்கோவின் செல்தால் மொழி ஆகியவற்றோடு கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழும் அதன் மூலத் தரவு. ஆக, உலகம் இங்கிதம் பற்றிப் பேசும் கோட்பாட்டில் சாதி அடுக்குள்ள ஒரு தமிழ்க் கிராமத்தின் குரல் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஒரு பேச்சு கேட்பவரின் முகத்துக்கு எவ்வளவு ஊறு செய்யும் என்பதை மூன்று கூறுகள் தீர்மானிப்பதாக அவர்கள் கூறினர்: இருவருக்குமிடையிலான தூரம், கேட்பவருக்குப் பேசுபவர் மேலுள்ள அதிகாரம், பேசும் விடயம் அச்சமூகத்தில் பெறும் கனம். அதிகாரம் கூடக்கூட இங்கிதமும் கூடும்.

நடப்பை இது சரியாகவே விவரிக்கிறது. ஆனால் விவரணையை விதியாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. எளியவர் சுற்றிவளைத்துப் பேச வேண்டும், வலியவர் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசலாம் என்ற வழமைக்கு அது சான்றிதழ் ஆகிவிடும்.

மறுபுறம், மிஷெல் ஃபூக்கோ 1983இல் பெர்க்லியில் நிகழ்த்திய விரிவுரைகளில் பண்டைக் கிரேக்கரின் அஞ்சாப் பேச்சை ஆராய்ந்தார். அவர் காட்டிய முக்கிய இயல்பு, பேசுபவர் தம்மை ஆபத்துக்கு உட்படுத்திக்கொள்வது. கொடுங்கோலன் முன் நின்று குடிமகன் சொல்வது அஞ்சாப் பேச்சு. கொடுங்கோலன் குடிமகனிடம் சொல்வதற்கு அப்பெயர் பொருந்தாது, அவனுக்கு அதில் இழப்பில்லை. இக்கட்டுரையின் அளவுகோல் இங்கிருந்து கூர்மை பெறுகிறது.

4. வள்ளுவரின் திசையுணர்வு

இந்த அளவுகோல் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் இனியவை கூறலும் வாய்மையும் தனித்தனி அதிகாரங்கள். அவற்றை மட்டும் படித்தால் ‘உண்மை பேசு, இனிமையாகப் பேசு’ என்ற பொது அறிவுரைதான் கிடைக்கும். பொருட்பாலையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. இறைமாட்சியில், செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனே புகழப்படுகிறான். பெரியாரைத் துணைக்கோடலில், இடித்துரைப்பவர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று எச்சரிக்கப்படுகிறது. வெருவந்த செய்யாமையிலோ வேந்தனின் கடுஞ்சொல் அவனது செல்வத்தையும் வலிமையையும் தேய்க்கும் என்று கூறப்படுகிறது.

மூன்றையும் ஒருசேர வைத்தால் கருத்துத் துலங்கும். கசப்பான சொல் மன்னனை நோக்கிச் செல்லும்போது அது அரண். மன்னனிடமிருந்து வரும்போது அது அழிவு. கடுமையை ஒட்டுமொத்தமாக விலக்காமல், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே வள்ளுவர் மதிப்பிடுகிறார்.

5. வயலும் மாடும்

கிழக்கில் பெரும்போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடும். விதைப்பு எப்போது, தண்ணீர் எப்போது, வயற்பகுதியிலிருந்து மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். அதன் பின்னும் மாடு வயலுக்குள் இறங்கும், சண்டை வரும்.

இதற்கு ஒரு மாதிரி நிலைமையை எடுத்துக்கொள்வோம். வயற்காரர் வசதியானவர். மாட்டுக்காரரோ வேறொருவரின் பட்டியைக் கூலிக்குப் பார்ப்பவர். வயற்காரர் சொல்கிறார்: “மாடு பாக்கத் தெரியாட்டி உனக்கெல்லாம் ஏன்டா இந்த வேலை? கள்ள மேய்ச்சல் மேய்க்கிறதே உன்ட பிழைப்பு.” மாடு பயிரைத் தின்றது உண்மை. ஆனால் அதைச் சொன்னதால் வயற்காரருக்கு எந்த நட்டமும் இல்லை. மாட்டுக்காரருக்கோ வேலையும் மானமும் போகலாம். மாட்டுக்காரர் தலையைக் குனிந்து, “இனிப் பாத்துக்கொள்றன் ஐயா” என்கிறார். அவர் மனத்திலிருந்த வாக்கியம் வேறு: “மேய்ச்சல் தரையெல்லாம் வயலாக்கினது நீங்கதானே, மாட்ட நான் எங்க கொண்டு போற?”

ஊர் வழக்கத்தின்படி முதலாமவர் மனத்தில் ஒன்றும் வைக்காத மனிசன். இரண்டாமவர் அந்த வாக்கியத்தை வெளியே சொல்லியிருந்தால் வாய்க்காரன். உண்மையில் பிணக்கின் வேரைத் தொடுவது சொல்லப்படாத அந்த வாக்கியமே. மேய்ச்சல் தரை சுருங்கியதைப் பேசாமல் ஆண்டுதோறும் மாட்டையும் மாட்டுக்காரரையும் திட்டிக்கொண்டிருந்தால், அடுத்த போகத்திலும் அதே சண்டைதான். அடக்கப்பட்ட உண்மையின் இழப்பு வயற்காரரையும் சேர்த்தே தாக்குகிறது.

6. மத்தியஸ்த சபை

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளுக்காகவே ஏற்பட்டவை. மூவர் அமர்வர், இரு தரப்பும் ஒவ்வொருவரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வர். சட்டத்தரணிகள் வாதாட முடியாது. சபை தீர்ப்பு வழங்காது. தரப்பினரை இணக்கத்துக்குக் கொண்டுவரும். அங்கே சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது.

இறுதி விதியே நம் வாதத்துக்கு முக்கியமானது. ‘மரியாதையாகப் பேசுங்கள்’ என்று சொல்வதோடு நில்லாமல், நேர்ப்பேச்சின் விலையையே அது குறைக்கிறது. தான் சொன்னது நாளை தனக்கெதிராகத் திரும்பாது என்று தெரிந்தால் எளியவர் வாய் திறப்பார். இருப்பினும் நீதிமன்றத்துக்கு வெளியே கொடுக்க வேண்டிய விலையைச் சட்டம் தொடாது. மத்தியஸ்தர்களும் ஊரில் மதிப்புள்ளவர்களே. “விட்டுக் குடுத்துப் போங்க தம்பி” என்ற அவர்களின் கனிவான சொல் எப்போதும் எளியவர் பக்கமே திரும்புமானால், அந்தக் கனிவு அநீதிக்குத் துணைபோகும்.

7. மூன்று மறுப்புகள்

உண்மை யார் சொன்னாலும் உண்மைதானே என்று கேட்கலாம். ஆம். மேலிருப்பவர் உண்மையை மறைக்க வேண்டும் என்று இங்கே சொல்லப்படவில்லை. “மாடு இறங்கி இவ்வளவு பயிர் அழிஞ்சிட்டுது, என்ன செய்யலாம்?” என்பதிலும் முழு உண்மை இருக்கிறது. விடுபட்டது வசை மட்டுமே.

மேல், கீழ் என்பது நிலையானதா என்பது அடுத்த கேள்வி. நிலையானதன்று. கிழக்கிலங்கைத் தமிழரிடையே மணமானவர் மனைவி வீட்டில் குடியிருப்பது பரவலான வழக்கம். வயலில் அதட்டும் மனிதர் மாமனார் வீட்டில் அடக்கமான மருமகன். அதே வீட்டில் மனைவிக்கு எதிரே அவர் மீண்டும் வலியவர். ஆகவே ஆளை அல்லாமல் அந்தந்த வாக்குவாதத்தையே அளக்க வேண்டும்: இப்பேச்சு முற்றினால் யாருக்கு இழப்பு அதிகம்?

கீழிருப்பவர் கடுமை அவதூறாக மாறாதா என்பது மூன்றாவது. மாறலாம். பொய்ப்பழிக்கு எத்திசையிலும் இடமில்லை. பொறுக்கச் சொல்வது உண்மையின் கடுமையை மட்டுமே.

8. முடிவு

இதிலிருந்து செயல்முறை சார்ந்த இரண்டு கடமைகள் பெறப்படுகின்றன. ஆரம்பக் கூட்டமாயினும் மத்தியஸ்த சபையாயினும், இழப்பதற்கு அதிகமுள்ளவரையே முதலில் பேச விட வேண்டும். வலியவர் பேசி முடித்த பிறகு எளியவர் வாயில் எஞ்சுவது ஆமோதிப்பு மட்டுமே. அவர் குரல் உயரும்போது தொனியைக் கண்டிக்குமுன் செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். போரும் இடப்பெயர்வும் பேச்சைப் பறித்த ஒரு மண்ணில் மரியாதை மிகவும் வேண்டப்படுவதுதான். ஆனால் அதைத் தொடங்கும் பொறுப்பு வலியவருடையது. எளியவரிடமிருந்து அதை முன்பணமாகக் கேட்கும் சமூகம் உண்மையைக் கேட்கும் உரிமையையும் இழந்துவிடுகிறது.