பாவமா, குற்றமா? யாக்கோபு 5:16உம் ஐந்தாம் படியும்

1948 டிசம்பரில் டெட்ராய்ட் நகரில் ஆற்றிய உரையில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் இணை நிறுவனர் மருத்துவர் பாப் ஸ்மித், குடியிலிருந்து மீள இயக்கம் வகுத்த பன்னிரண்டு படிகள் எழுதப்படாத அந்த ஆரம்ப நாள்களில் தங்களுக்கு வேதத்தின் மூன்று பகுதிகளே இன்றியமையாதவையாக இருந்தன என்றார். மலைப்பிரசங்கம், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம், யாக்கோபு நிருபம் ஆகியவை அவை. மூன்றிலும் யாக்கோபுக்கு இருந்த செல்வாக்கு தனியானது. யாக்கோபின் ஆங்கிலப் பெயரைக் கொண்டு இயக்கத்துக்கே ‘ஜேம்ஸ் கிளப்’ என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனைகூட எழுந்ததுண்டு. மார்ட்டின் லூதர் வைக்கோல் நிருபம் என்று ஒதுக்கிய மடல், ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்றவர்களின் கைக்கு எப்படி வந்தது? அதில் அவர்கள் பற்றிக்கொண்டது எதை?

இக்கேள்விக்கு மிக விரிவாக விடை சொன்னவர் டிக் பி. என்ற பெயரில் எழுதியவர். அந்த இயக்கத்தின் வழியே தாமும் குடியிலிருந்து மீண்டவர். ‘த குட் புக் அண்ட் த பிக் புக்’ உள்ளிட்ட நூல்களில் இயக்கத்தின் அடிப்படைக் கருத்துகள் வேதத்திலிருந்து வந்தவை என்று நிறுவ முயன்றார். அவர் திரட்டித் தந்த சான்றுகள் இல்லையென்றால் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியிருக்கவே முடியாது. அந்த நன்றியோடுதான் அவரோடு முரண்படுகிறேன். அவருடைய முறை இணைவைத்தல். ஒருபுறம் வசனம், மறுபுறம் 1939இல் வெளிவந்த, இயக்கத்தின் அடிப்படை நூலான ‘பெரிய புத்தக’த்தின் வரி, இரண்டும் ஒத்திருந்தால் வசனமே மூலம். விசுவாசமும் கிரியையும் பற்றிய யாக்கோபின் வாக்கியத்தில் இம்முறை பழுதில்லாமல் வேலைசெய்கிறது. ஏனெனில் அந்த வாக்கியம் பெரிய புத்தகத்தில் வெளிப்படையாகவே எடுத்தாளப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் படியில் இம்முறை தடுமாறுகிறது. செய்த தவறுகளின் தன்மையைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது அந்தப் படி. ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16ஐ அதன் மூலமாக டிக் பி. காட்டுகிறார். ஆனால் ஆக்ரன் குழு வளர்ந்தது ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் மடியில். அங்கே ஒருவர் இன்னொருவரிடம் மனம்திறப்பது ஏற்கெனவே அன்றாட வழக்கம். வழக்கம் கண்முன்னே இருக்கும்போது, வசனத்தை வாசித்துத்தான் படி பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பன்னிரண்டு படிகளில் ‘பாவம்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஐந்தாவதில் ‘தவறுகள்’, ஆறாவதில் ‘குணக் குறைபாடுகள்’, ஏழாவதில் ‘குறைகள்’. டிக் பி.யின் பார்வையில் 1939ஆம் ஆண்டு நூல் ஆக்ரனின் வேத அடித்தளத்தை நீர்த்துப்போகச் செய்த ஒன்று. ‘பாவம்’ என்ற சொல் மறைந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். என் வாசிப்பு வேறு. அந்தச் சொல்லை நீக்கும் வழியை வேதமே, அதாவது ஒரு மொழிபெயர்ப்பே, திறந்து வைத்திருந்தது.

5:16இல் கிரேக்கப் பிரதிகள் ஒத்துப்போவதில்லை. சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி முதலிய பழைய சுவடிகளில் ‘ஹமார்த்தியாஸ்’, பாவங்கள். ஜேம்ஸ் மன்னர் பதிப்பு பின்பற்றிய மரபில் ‘பரப்தோமதா’. நேர்ப்பொருள் வழுவி விழுதல். நம் பேச்சில் சறுக்கல். 1881இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு பழைய சுவடிகளின் பக்கம் சாய்ந்து ‘பாவங்கள்’ என்றது. ஆக்ரனில் வாசிக்கப்பட்ட ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலோ ‘குற்றங்கள், குறைகள்’ என்று பொருள்படும் ‘ஃபால்ட்ஸ்’ நின்றது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. புராட்டஸ்டண்டு சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் இவ்விடத்தில் ‘குற்றங்கள்’, பொது மொழிபெயர்ப்பில் ‘பாவங்கள்’. இரண்டையும் அருகருகே விரித்து வைத்தால் அதே பிளவு தெரியும்.

கிரேக்கச் சொல்லே மென்மையானது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ரோமர் 5இல் ஆதாமின் வீழ்ச்சியைச் சுட்ட பவுல் கையாள்வதும் இதே சொல்தான். எபேசியர் 1:7இல் ஜேம்ஸ் மன்னர் பதிப்பே இதைப் ‘பாவங்கள்’ என்று பெயர்க்கிறது. மென்மை ஆங்கிலத்தில் நேர்ந்தது. புதிய ஏற்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இச்சொல்லை அப்பதிப்பு ‘ஃபால்ட்’ என்று பெயர்ப்பது இரண்டே இடங்களில்: யாக்கோபு 5:16, கலாத்தியர் 6:1. பின்னது குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு சீர்பொருந்தப் பண்ணச் சொல்லும் வசனம். அதை அடுத்து வருவது ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் கட்டளை. விழுந்தவனை அவனையொத்த இன்னொருவன் தூக்கிவிடும் இவ்விரு இடங்களில் மட்டுமே அந்தச் சொல் தணிந்து ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை. மீண்டும் குடித்துவிட்டு மறுநாள் தலைகுனிந்து வந்து உட்கார்ந்தவனின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதே என் அக்கறை.

வசனத்தின் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 14, 15ஆம் வசனங்கள் நோயாளியைப் பற்றியவை: மூப்பர்கள் வருகிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள், ஜெபிக்கிறார்கள். 16இல் அறிக்கையின் பயனாகச் சொல்லப்படுவது சொஸ்தம். மன்னிப்பைப் பற்றிய பேச்சு முந்திய வசனத்தோடு முடிந்துவிடுகிறது. இங்கேதான் நியூயார்க் வந்து சேருகிறது. அங்கே, இயக்கத்தின் மற்றோர் இணை நிறுவனரான பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டபின் மாதக்கணக்கில் குடிகாரர்களுக்குப் பிரசங்கம் செய்தார், ஒருவரும் திருந்தவில்லை. பிரசங்கத்தை நிறுத்தி, குடி உடலைப் பற்றிய நோய் என்பதை முதலில் சொல்லும்படி அறிவுறுத்தியவர் அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் சில்க்வொர்த். அடுத்த மே மாதம் ஆக்ரனில் பில் சந்தித்த பாப் ஒரு மருத்துவர். அந்தக் கோடையில் பில் தங்கியிருந்த ஸ்மித் வீட்டில் காலைதோறும் வேதம் வாசித்தவர் பாப்பின் மனைவி ஆன். அவருக்கு மிகவும் பிடித்தது யாக்கோபு. குடியை நோயாகக் காணத் தொடங்கியிருந்த இருவருக்கு, குற்றத்தையும் குணமாதலையும் ஒரே மூச்சில் சொல்லும் வசனம் அங்கே இருந்தது.

இது சூழ்நிலைச் சான்று மட்டுமே. 5:16இலிருந்துதான் அந்தச் சொற்கள் வந்தன என்று காட்டும் கையெழுத்து எதையும் நான் முன்வைக்கவில்லை. ஆயினும் நீர்த்துப்போன கதைக்கும் அத்தகைய கையெழுத்து வேண்டுமல்லவா? பெரிய புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம், சுயசோதனையைப் பற்றிப் பேசுகையில், பட்டியலிடச் சொல்வது ‘ஃபால்ட்ஸ்’ஐத்தான். கடவுள் நம்பிக்கையில்லாத உறுப்பினர்களின் வற்புறுத்தலால் கடவுளைக் குறிக்கும் சொற்கள் தளர்ந்தன என்பது பதிவான செய்தி. அந்த விளக்கத்தைப் பாவத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் அப்படியே நீட்டுவது அவசரம். மாறாக, நாத்திகரை விலக்கிவிடுமே என்ற அச்சம் இல்லாத வேளையில், 1953ஆம் ஆண்டின் ‘பன்னிரண்டு படிகளும் பன்னிரண்டு மரபுகளும்’ நூலில், ஏழு தலையாய பாவங்களின் பட்டியலைத் தயக்கமின்றி எடுத்தவர் பெரிய புத்தகத்தை எழுதிய அதே பில்தான். சொல்லைக் கண்டு கூசியவர் செய்யும் காரியமா அது?

நினைவுச் சான்றுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்றும், அதுவே இயக்கத்தின் பிறந்தநாள் என்றும் கொண்டாடப்படுகிறது. ஆனால் அவர் அட்லாண்டிக் சிட்டிக்குப் போய்க் குடித்துத் திரும்பிய அமெரிக்க மருத்துவச் சங்க மாநாடே அந்த ஆண்டு ஜூன் 10 முதல் 14 வரைதான் நடந்தது. ஆகவே ஜூன் 17 வாக்கில் இருக்கலாம் என்பாருண்டு; வழக்கு தீர்ந்தபாடில்லை. பிறந்தநாளே இப்படி நகருமானால், 13 ஆண்டுகள் கழித்துச் சொன்ன மூன்று பகுதிகளின் பட்டியலையும் அளவோடுதான் நம்ப வேண்டும். நான் அதை நம்புகிறேன். ஆனால் அதிலிருந்து எந்த மாதம் எந்த வசனம் என்று கணக்கிட மாட்டேன்.

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. 5:16இன் பிற்பாதி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது. ஐந்தாம் படியில் அதற்கு இடமில்லை. ஆக்ரனில் இருந்தது. புதிதாக வந்தவரைத் தனியறைக்கு அழைத்துப்போய், பழையவர்கள் சூழ்ந்து, சேர்ந்து முழங்காலிட்டு ஜெபித்தார்கள். அச்சுக்கு முன் சுற்றுக்கு விடப்பட்ட 1939ஆம் ஆண்டின் பிரதியில், ஏழாம் படியில் முழங்காலிட்டு என்ற சொல் இருக்கிறது. நூலாக வந்தபோது அது இல்லை.