கவனயீனத்தின் அளவுகோல்: நானுஓயாத் தோட்டங்களும் வேலைநீக்கச் சட்டமும்

1885இல் இலங்கை மலையகத்தின் நானுஓயாவுக்கு ரயில் வந்தபோது கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மலைகளில் வேலை செய்தவர்களைக் கட்டிவைத்திருந்த சட்டம் அதற்கு இருபது ஆண்டு மூத்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வாய்ப்பேச்சில் ஏற்பட்ட ஒப்பந்தத்தையும் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாகவே கொண்டது. வேலைக்கு வராமை, குடிபோதை, கீழ்ப்படியாமை ஆகியவற்றோடு கடமையில் பாரிய கவனயீனத்தையும் அது குற்றமாக்கியது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, சம்பளமும் பறிபோகலாம்.

வேலையைவிட்டு நிறுத்தாமல் சிறைக்கு அனுப்பியது ஏன்? ஆள் பற்றாக்குறைதான். அக்காலத் துரைமாருக்கு, அதாவது தோட்ட முகாமையாளர்களுக்கு, ஆளை அனுப்புவதல்ல, ஆள் போய்விடாமல் பார்ப்பதே கவலை. ஆட்களைத் திரட்டிவந்த கங்காணியிடம் பட்ட கடனும் துண்டு முறையும் அதே வேலையைத்தான் செய்தன. கடனை அடைத்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு.

1921-22இல் துண்டும் சிறைத் தண்டனையும் ஒழிந்தன. விடுதலை என்று இதைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தை நம் வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. சிறை என்னும் ஆயுதம் கைநழுவியதும் துரைமார் கையில் எஞ்சியது ஒரு மாத முன்னறிவித்தல். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும் என்பதால் அது சிறையைவிட இலேசான தண்டனை அல்ல. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தொழிலாளர் சங்கம் கட்டியபோதும், 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுடப்பட்டபோதும் இந்த அச்சம் தொழிலாளியின் தலைக்கு மேல் தொங்கியது.

திருப்பம் 1957இல் வந்தது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கான 62ஆம் இலக்கத் திருத்தம் தொழில் நியாயசபைகளை உருவாக்கியது. வேலை ஒப்பந்தத்தில் எது இருந்தாலும் அதை மீறி அவை நிவாரணம் வழங்கலாம். கட்டளை நீதியும் ஒப்புரவுமாக இருந்தால் போதும். இந்தச் சபைகள் செல்லுமா என்ற வழக்கு கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போய், 1967இல் செல்லும் என்று தீர்ந்தது. வேலைநீக்கம் செய்ததை முதலாளி ஒப்புக்கொண்டால் அதை நியாயப்படுத்தும் பொறுப்பும் அவருடையது. ஆயினும் குற்றவியல் வழக்கைப் போல ஐயமற நிறுவத் தேவையில்லை, நிகழ்தகவுச் சமநிலை போதும் என்று 1975இல் உயர் நீதிமன்றம் கூறியது.

தனியார் துறையில் வேலைநீக்கத்துக்கு முன் உள்ளக விசாரணை கட்டாயம் என்று எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை. குற்றப்பத்திரம், விளக்கம் கோரல், விசாரணை என்ற வரிசை வழக்கத்தாலும் தீர்ப்புகளாலும் வளர்ந்தது. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் கேட்பதும், ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினால் இரண்டாவது வேலைநாள் முடியுமுன் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்பதே. எழுதப்படாத இந்த விசாரணை நெறி தொழிலாளிக்குச் சாதகம்.

பாதகமான எழுதப்படாத நெறியைக் காணக் கொழுந்து மடுவத்துக்குப் போக வேண்டும். சாக்கு தராசில் ஏறுகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போகிறது. எஞ்சியதைக் கணக்கப்பிள்ளை பதிகிறார். அன்று பறிக்க வேண்டிய கிலோ எட்டவில்லை என்றால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். முற்றல் இலை கலந்தால் ஏச்சு. கவ்வாத்து வெட்டுகையில் வாது (கிளை) கிழிந்தால் எச்சரிக்கை. நாட்சம்பளத்தைச் சம்பளச் சபை நிர்ணயிக்கலாம். கிலோவைத் தோட்டம் நிர்ணயிக்கிறது. மழையோ வறட்சியோ கொழுந்தைக் குறைத்தாலும் பதிவேட்டில் அது ஆளின் குறையாகவே விழும். அந்தப் பதிவே பின்னாளில் கவனயீனத்துக்குச் சாட்சியாகும். எச்சரிக்கைகளோ பெரும்பாலும், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வாயால் சொல்லப்படுபவை. சொன்னார்கள் என்பதையும் சொல்லவில்லை என்பதையும் நிறுவுவது ஒருபோலக் கடினம்.

2021 மார்ச்சில் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியதும், சங்கங்களுடனான கூட்டு ஒப்பந்தம் இனி இல்லை என்று தோட்டக் கம்பனிகள் அறிவித்தன. கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்று சங்கங்கள் குற்றஞ்சாட்டின. தொகையை மட்டும் வைத்து நடந்த அந்த விவாதத்தில், அளவை யார் வைப்பது என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போனது. கூட்டு ஒப்பந்தம் இருந்தவரை அதைப் பேச ஒரு மேசையாவது இருந்தது.

வேலை போனபின் தொழில் நியாயசபைக்கு மனுச் செய்ய உள்ள அவகாசம் ஆறு மாதம். வேலை நின்றவர் முதலில் போவது சங்கத்தின் தோட்டத் தலைவரிடம். அவர் துரையிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்வார். இந்த வழியும் எங்கும் எழுதப்படாததுதான். பல வேளை பயன் தருவது. ஆனால் துரை இழுத்தடித்தால் அந்த ஆறு மாதமும் பேச்சிலேயே கரைந்துவிடும்.