வானின் ஒலியும் வீட்டின் செவியும்: செயற்கைக்கோள் வானொலி வரலாற்றிலிருந்து சில படிப்பினைகள்

1. முன்னுரை

திருச்சபையின் வானொலிப் பணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். எந்த நிலையம் எந்த ஆண்டில் நிறுவப்பெற்றது, அதன் ஆற்றல் எத்தனை கிலோவாட், எத்தனை மொழிகளில் அது பேசிற்று என்பனவே அவற்றின் பொருளாயின. அவ்வொலியைப் பெற்றவர் யார், எவ்வாறு பெற்றார், பெட்டியைத் தம் வீட்டில் எங்கே வைத்தார், ஒலி நின்றுபோன நாளில் அவருக்கு யாது நேர்ந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. சொல்லுதலுக்கு வரலாறு உண்டாயிற்று. கேட்டலுக்கு வரலாறு எழுதப்படவில்லை.

விசுவாசம் கேள்வியினால் வரும் என்பதை அடிப்படையாகக் கொண்ட ஒரு சமுதாயம் இக்குறையைப் பொருட்படுத்தாதிருக்கலாகாது. ஆகவே இக்கட்டுரையில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய இல்லங்களுக்கு வந்து 2009ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்த செயற்கைக்கோள் வானொலியைக் கேட்போரின் பக்கத்திலிருந்து நோக்க முயல்வோம். அதற்கு முன்னிருந்த சிற்றலைக் காலத்தைச் சுருக்கமாக நினைவுகூர்தல் அவசியமாகும்.

2. சிற்றலைக் காலம்

வானொலியும் திருச்சபையும் தொடக்கமுதலே தொடர்புடையவை. 1921ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்த கால்வரி எப்பிஸ்கோப்பல் ஆலயத்தின் ஆராதனை கேடிகேஏ நிலையத்தின் வழியாக ஒலிபரப்பப்பட்டது. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைப் போப்பரசர் பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரில் எச்.சி.ஜே.பி. என்னும் அருட்பணி நிலையம் பேசத் தொடங்கிற்று. அந்நாளில் அந்நாட்டிலிருந்த வானொலிப் பெட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்பவர் வருமுன்னரே சொல்பவர் தோன்றிவிட்டார் என்பது கருதத்தக்கது.

தென் ஆசியாவை நோக்கிய முயற்சிகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, லுத்தரன் உலகச் சம்மேளனம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா நகரில் நிறுவி 1963ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தொடங்கிய 'ரேடியோ வாய்ஸ் ஆஃப் தி காஸ்பல்' நிலையம். இரண்டாவது, 1970ஆம் ஆண்டு சீஷெல்ஸ் தீவுகளில் பணி தொடங்கிய பீபா நிலையம். மாஹே தீவின் கரையோரப் பவளப்பாறைத் திட்டின்மீது, கடல்நீர் சூழ, அதன் ஏரியல் கோபுரங்கள் நின்றன. மூன்றாவது, இலங்கையின் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் 882 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ நடத்திய ஒலிபரப்பு.

இவற்றுள் அடிஸ் அபாபா நிலையத்தின் அமைப்பு சிறப்பாக ஆராய்தற்குரியது. நிகழ்ச்சிகள் யாவும் எத்தியோப்பியாவில் தயாரிக்கப்படவில்லை. அந்தந்த மொழி வழங்கும் நாட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்நாட்டினராலேயே அவை ஆயத்தம் செய்யப்பட்டு, ஒலிநாடாக்களாக அனுப்பப்பட்டன. நிகழ்ச்சிகளின் பெரும்பகுதி கல்வி, உடல்நலம், செய்தி, சமுதாய வளர்ச்சி ஆகியவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. நேரடியான நற்செய்தி அறிவிப்பு சிறுபகுதியாகவே இருந்தது. கேட்பவனை முழு மனிதனாகக் கருதிய ஒரு கொள்கை அதன் பின்னே நின்றது.

சிற்றலையைக் கேட்பது எளிதன்று. தொலைவிலிருந்து புறப்படும் அலை வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரைக்கு வருகிறது. அம்மண்டலம் பகலுக்கும் இரவுக்கும், கோடைக்கும் மாரிக்கும் மாறிக்கொண்டேயிருக்கும். ஆதலால் ஒலி பெருகும், தேயும், அண்டை நிலையத்தின் பேச்சோடு கலக்கும். கேட்போர் வீட்டுக் கூரையிலிருந்து தென்னைமரம் வரை செப்புக்கம்பி கட்டினர். திருகியை மயிரிழையளவு திருப்பிச் செவி சாய்த்தனர். ஆயினும் அந்தப் பெட்டி மலிவானது, பாட்டரியில் இயங்குவது, திண்ணையில் வைத்தால் தெருவே கேட்கக்கூடியது. கேட்டவர்கள் கடிதம் எழுதினர். அஞ்சல்வழி வேதபாடங்களில் சேர்ந்தனர். தெளிவற்ற அவ்வொலியினின்று தெளிவான உறவுகள் பிறந்தன.

3. விண்ணில் நிற்கும் நிலையம்

பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கோள், பூமி சுழலும் வேகத்தோடு ஒத்துச் செல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து உலகத்துக்கு ஒலிபரப்பலாம் என்பதை ஆர்தர் சி. கிளார்க் 1945ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். பின்னாளில் அவர் இலங்கையிலேயே குடியேறி 2008ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார்.

இந்திய மண்ணில் இவ்வெண்ணம் முதன்முதலில் பெரிய அளவில் செயற்பட்டது 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை வரை நடைபெற்ற 'சைட்' என்னும் தொலைக்காட்சிப் பரிசோதனையில் ஆகும். அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்குப் பெறப்பட்ட ஏடிஎஸ்-6 என்னும் கோள் ஆறு மாநிலங்களின் ஏறக்குறைய 2,400 கிராமங்களை எட்டிற்று. கோழிக்கூண்டுக் கம்பிவலையால் செய்யப்பட்ட மூன்று மீட்டர் அகலமுள்ள ஏரியல், ஊருக்கு ஒரு பெட்டி, அதன்முன் கூடிய கிராமம் - இதுவே அதன் வடிவம். கேட்டலும் காண்டலும் அங்கே பொதுவில் நிகழ்ந்தன.

4. ஆசியஸ்டார்

செயற்கைக்கோளினின்று நேராக வீட்டு வானொலிக்கு ஒலியனுப்பும் முயற்சியை மேற்கொண்டவர் நோவா சமாரா. சிற்றலை நற்செய்தி நிலையம் இயங்கிய அதே அடிஸ் அபாபா நகரிலே பிறந்தவர் அவர். எய்ட்ஸ் நோய் பற்றிய அறிவு ஆப்பிரிக்க மக்களை எட்டவில்லையே என்னும் ஆதங்கத்தால் 1990ஆம் ஆண்டு வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1998ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ஆப்பிரிஸ்டார் கோளும், 2000ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஆசியஸ்டார் கோளும் விண்ணில் ஏவப்பட்டன. ஒவ்வொரு கோளும் மும்மூன்று கதிர்க்கற்றைகளால் நிலத்தை நோக்கிப் பேசிற்று. ஆசியஸ்டார் கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகைக்கு நேராக நிறுத்தப்பட்டது. அதன் ஒரு கற்றை இந்தியாவைத் தழுவியது.

அறியாமையுற்ற ஏழையருக்கு அறிவைக் கொண்டுசெல்லும் நோக்கத்தோடு பிறந்த இம்முயற்சி நாளடைவில் சந்தா செலுத்துவோர்க்கான இசைச் சேவையாயிற்று. சிறப்பான பெட்டி வேண்டும், ஒலி பூட்டப்பட்டிருந்தது, ஆண்டுச் சந்தா செலுத்தியவருக்கே திறந்தது. ஏ.ஆர். ரஹ்மான் அதற்கெனத் தனி இசை அமைத்தார். உலகச் சந்தாதாரருள் மிகப் பெரும்பாலோர் இந்தியராகவே இருந்தனர். பாரம்பரிய இசையை விளம்பர இடையூறின்றிக் கேட்க விரும்பிய நகரத்து இல்லங்களுக்கு அது அரிய கொடையாக விளங்கியதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முதலில் யாரை எண்ணித் தொடங்கப்பட்டதோ அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றனர்.

5. வீட்டில் ஒலியைப் பெற்ற விதம்

இவ்வானொலியின் ஒலி நன்றாயிருக்கும், அன்றேல் முற்றிலும் இராது. சிற்றலையைப் போல அரைகுறையாகக் கேட்பதற்கு இடமில்லை. எண்முறையில் வரும் சைகை ஓர் எல்லைக்குக் கீழே நலிந்தால் பெட்டி ஊமையாகிவிடும். சைகை 1467 முதல் 1492 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளாக வந்தது. இத்தகைய அலை ஒளியைப் போலவே நேர்க்கோட்டில் செல்வது, சுவரைச் சுற்றி வளையாது, கான்கிரீட்டை ஊடுருவாது, அடர்ந்த இலைகள், சிறப்பாக மழையில் நனைந்தவை, அதைப் பெரிதும் உறிஞ்சிவிடும்.

ஆகவே வீட்டில் ஒலி பெறுவது இடத்தைத் தெரிவதிலேயே அடங்கியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து நோக்குங்கால் ஆசியஸ்டார் கிழக்குத் திசையில் சற்றே தெற்காக, அடிவானத்தினின்று ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் இருந்தது. அதாவது காலை பத்து மணியளவில் ஞாயிறு நிற்கும் உயரம். கையளவுத் தட்டையான ஏரியலைப் பெட்டியினின்று கழற்றி, நீண்ட கம்பியால் இணைத்து, கிழக்கு நோக்கிய சன்னலிலோ மொட்டைமாடியிலோ வைத்து, பெட்டியிலுள்ள சைகை அளவுகாட்டியைப் பார்த்தவாறு சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். ஒருவர் மாடியில் ஏரியலைத் திருப்ப, மற்றொருவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பது வழக்கம். கிழக்கே சன்னலுடைய வீட்டார் பாக்கியவான்கள். மேற்கு நோக்கிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தோர், கிழக்கே உயர்ந்த கட்டடத்தை அண்டையிற் கொண்டோர், மாமரத்து நிழலில் குடியிருந்தோர் பணம் செலுத்தியும் கேளாதவராயினர்.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ்எம் வானொலியும் அடுத்த ஆண்டு தோன்றிய சிரியஸ் வானொலியும் இவ்விடர்ப்பாட்டை முன்னரே கண்டு, உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரங்களில் தரைத் துணைநிலையங்களை அமைத்தன. அவை விண்ணின் சைகையைப் பெற்றுத் தெருக்களுக்குள் மீண்டும் பரப்பின. அவ்விரண்டும் 2008ஆம் ஆண்டு இணைந்து இன்றும் இயங்கி வருகின்றன. இந்திய நகரங்களில் இத்தகைய துணைநிலையங்கள் நடைமுறைக்கு வரவில்லை. விண்ணுக்கும் வீட்டுக்கும் இடையே நின்று ஒலியை வாங்கித் தருவதற்கு ஒருவருமில்லை.

6. மூன்று மௌனங்கள்

1976ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தது. ஏடிஎஸ்-6 வேறிடத்திற்கு நகர்த்தப்பட்டது. கிராமப் பெட்டிகளுக்கு அதனின்று வந்த நிகழ்ச்சிகள் நின்றன. 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எத்தியோப்பியாவின் புரட்சி அரசு அடிஸ் அபாபா நிலையத்தைக் கைப்பற்றித் தன் குரலாக்கிக் கொண்டது. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் கடன் பளுவால் திவால் பாதுகாப்பை நாடிய வேர்ல்டுஸ்பேஸ், 2009ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு இந்தியச் சேவையை முடித்துக்கொண்டது. சந்தா எஞ்சியிருந்தோரின் பெட்டிகளும் வெறும் பெட்டிகளாயின.

ஒன்று ஒப்பந்தத்தால், ஒன்று அரசின் வல்லமையால், ஒன்று கடனால் மௌனமாயிற்று. காரணங்கள் வேறாயினும் மூன்றிலும் கேட்பவரின் கருத்து வினவப்படவில்லை. ஆயினும் மௌனத்துக்குப் பின் நிகழ்ந்தவை ஒன்றுபோலல்ல. அடிஸ் அபாபா வீழ்ந்தபோது, நிகழ்ச்சிகளை ஆயத்தம் செய்த ஊழியரும் அவர்தம் கூடங்களும் அந்தந்த நாட்டிலேயே இருந்தமையால், நிலையம் போயும் பணி முற்றிலும் போகவில்லை. வேர்ல்டுஸ்பேஸ் நின்றபோது சந்தாதாரர் ஒருவரையொருவர் அறியாதவராய்த் தத்தம் வீடுகளில் தனித்திருந்தனர். பண்பலை நிலையங்களும் கைபேசியும் அவர்களை விரைவில் ஏற்றுக்கொண்டன.

7. இறையியல் நோக்கு

வானொலி அருட்பணியாளர் பலர் உரோமர் 10ஆம் அதிகாரத்தைத் தம் பணிக்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. விசுவாசத்தைக் கேள்வியோடு இணைத்த பவுல், உடனே 19ஆம் சங்கீதத்தை எடுத்தாண்டு, வானங்களின் தொனி பூமியெங்கும் சென்றதை நினைவுபடுத்துகிறார். விண்ணினின்று உலகெங்கும் பேசும் கருவிக்கு இதனினும் பொருத்தமான வசனம் உண்டோ எனத் தோன்றும். ஆனால் அப்பகுதியின் போக்கைக் கவனித்தல் வேண்டும். தொனி எங்கும் சென்றும் எல்லாரும் கீழ்ப்படியவில்லை என்னும் துயரத்தைக் கூறுமிடத்திலேயே பவுல் அச்சங்கீதத்தை எடுத்தாளுகிறார். ஒலி எட்டும் பரப்பு வேறு, கேட்டல் வேறு என்பதே அங்கு உணர்த்தப்படுகிறது. கதிர்க்கற்றை இந்தியா முழுவதையும் தழுவியது. மாமரத்தடி வீட்டில் ஒலி இல்லை.

நெகேமியா 8ஆம் அதிகாரம் நமக்கு வேறொரு காட்சியைத் தருகிறது. தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா உயர்ந்த மரப்பீடத்தின்மேல் நின்று நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஆடவர், பெண்டிர், கேட்டறியத் தக்கோர் யாவரும் கூடியிருக்கின்றனர். ஆனால் பீடத்தின் உயரம் மட்டும் போதுமானதாக இல்லை. லேவியர் மக்கள் நடுவே நின்று வாசிக்கப்பட்டதின் பொருளை விளங்கச் செய்கின்றனர். இக்காலச் சொல்லால் கூறினால் அந்த லேவியரே தரைத் துணைநிலையங்கள். உயரத்தினின்று வரும் சொல்லைத் தெருவிற்குள் கொண்டுசேர்ப்பதே அவர்தம் ஊழியம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் ஆலயங்கள் மூடப்பட்டபோது நம் சபைகள் பலவும் இணையத்தின் வழியே ஆராதனைகளை அனுப்பக் கற்றுக்கொண்டன. பார்த்தோர் எண்ணிக்கை கண்டு மகிழ்ந்தன. அன்று நல்ல கைபேசி இல்லாத விதவை, சைகை எட்டாத மலைக் கிராமம், செவிப்புலன் குன்றிய முதியவர் ஆகியோரை எண்ணியவர் சிலரே. கருவி மாறினும் வினா மாறவில்லை.

ஆகவே ஊழியத்துக்கென ஆயத்தப்படும் மாணவர்கள் எந்தத் தொடர்புக் கருவியைக் கையாளுமுன்னும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வார்களாக. இவ்வொலி எவருடைய வீட்டில் எட்டாது? கேட்பவரின் அருகே யார் அமர்ந்திருப்பார்? நாளை இது மௌனமானால் எது எஞ்சியிருக்கும்? ஏரியலைத் திருப்பியவாறு ஒருவர் மாடியில் நிற்க, "இப்பொழுது கேட்கிறது" எனக் கீழிருந்து மற்றவர் குரல் கொடுத்த அவ்வில்லங்களில், நல்ல ஒலி கிடைப்பதற்கு இருவர் தேவைப்பட்டனர். சபையிலும் அவ்வாறே. சொல்பவர் பீடத்தில் நிற்கையில், கீழே நின்று கேட்கிறதா என்று அறிந்து சொல்பவரும் திருச்சபைக்கு வேண்டும். அவ்விரண்டாம் ஊழியத்துக்கும் நம்மில் சிலர் தம்மை ஒப்புவிப்பார்களாக.