பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

வீடியோ கேமில் ஆளைச் சுடுகிற பையன் நாளைக்கு நிஜத்திலும் சுடுவானா? பெற்றோர் கேட்கிறார்கள், டி.வி. விவாதங்களில் கேட்கிறார்கள், அமெரிக்க செனட் சபையே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு வீடியோ கேமைவிட வயது அதிகம். பிளக்கில் மாட்டி விளையாடும் பொருளே இல்லாத காலத்தில் இது லண்டனில் கதைப் புத்தகங்கள் மேல் பாய்ந்துகொண்டிருந்தது.

பென்னி டிரெட்ஃபுல் என்பார்கள். ஒரு பென்னிக்கு ஒரு இதழ். வழிப்பறிக்காரன், கடற்கொள்ளையன், கொலை, துரத்தல். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஏழை வீட்டுப் பையன்கள் கைக்காசு போட்டு வாங்கினார்கள். 1895 ஜூலையில் கிழக்கு லண்டனின் பிளெய்ஸ்டோ பகுதியில் ராபர்ட் கூம்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன் தன் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றான். அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தார். மாடியில் உடல் கிடக்க, அவனும் தம்பியும் லார்ட்ஸ் மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போனார்கள். பத்து நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. வீட்டைச் சோதித்த போலீஸ் ஒரு கட்டு பென்னி டிரெட்ஃபுல்களைக் கண்டெடுத்தது. போதாதா? மரண விசாரணை ஜூரிகள், இப்படிப்பட்ட வெறியூட்டும் புத்தகங்களை நிறுத்த அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்ப்போடு சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அதே புத்தகங்களைப் படித்துவிட்டுச் சமர்த்தாகத் தூங்கப்போன லட்சக்கணக்கான பையன்களை யாரும் விசாரிக்கவில்லை.

ராபர்ட்டின் மிச்சக் கதையைச் செய்தித்தாள்கள் தொடரவில்லை. பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் 17 வருஷம். வெளியே வந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். முதல் உலகப் போரில் கலிப்பொலி போர்க்களத்தில், அடிபட்டவர்களைத் தூக்கிவரும் வேலை பார்த்தார். வீரப் பதக்கமும் வாங்கினார்.

பென்னி டிரெட்ஃபுல் மீதான பயத்தில் ஒருவருக்கு நல்ல வியாபாரம். பத்திரிகை முதலாளி ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த், கெட்ட புத்தகங்களுக்கு மாற்றாக நல்ல புத்தகம் என்று முழங்கி, 1893இல் அரைப் பென்னிக்கு ஓர் இதழைக் கொண்டுவந்தார். விலை பாதியானது, உள்ளே சண்டையும் ரத்தமும் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கே திரும்பின. இந்தத் தொழிலில் கை தேர்ந்தவர் பிறகு 1896இல் தொடங்கியதுதான் டெய்லி மெயில் நாளிதழ்.

சினிமா வந்ததும் பழி அங்கே குடிபெயர்ந்தது. 1930களை ஒட்டி அமெரிக்காவில் பெய்ன் நிதியத்தின் பணத்தில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. ஒஹையோவில் ஒரு சிறுவர் விடுதியில் கட்டில்களுக்குக் கருவி பொருத்தி, படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் ராத்திரி எத்தனை தடவை புரள்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஒழுக்கம் பற்றிய சந்தேகம் விஞ்ஞானத்தின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டது ஏறக்குறைய இங்கேதான். அந்தக் கோட்டை அது பிறகு கழற்றவே இல்லை.

கோட்டை மிகக் கம்பீரமாகப் போட்டவர் டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்தாம். அவரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் நல்ல மனிதர். நியூயார்க்கின் ஹார்லெமில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், கறுப்பின மக்களுக்காக 25 சென்ட் கட்டணத்தில் மனநல மருத்துவமனை நடத்தியவர். பள்ளிகளில் நிறப் பாகுபாடு குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று அவர் சொன்ன சாட்சியம், அந்தப் பாகுபாட்டை ஒழித்த வழக்குக்கே உதவியது. அதே வெர்தாம்தான் 1954இல், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். அந்த ஏப்ரலிலேயே செனட் விசாரணை. வெட்டுண்ட பெண் தலையோடு வந்த ஓர் அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டி, இது ரசனையா என்று கேட்டார்கள். வெளியிட்ட வில்லியம் கெய்ன்ஸ், திகில் காமிக்ஸுக்கு இது நல்ல ரசனைதான், தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ரத்தம் சொட்டக் காட்டியிருந்தால்தான் தப்பு என்கிற மாதிரி பதில் சொன்னார். மறுநாள் அவர் மானம் கப்பலேறியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தாங்களே ஒரு தணிக்கை விதியை எழுதிக்கொண்டார்கள்: ரத்தக் காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, செத்தவன் எழுந்து நடக்கக் கூடாது. கெய்ன்ஸ் தன் மேட் காமிக்ஸைப் பத்திரிகை வடிவத்துக்கு மாற்றினார். பத்திரிகைக்கு அந்த விதி பொருந்தாது. மேட் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது.

வெர்தாமின் காகிதக் கட்டுகள் 2010இல்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர் உட்கார்ந்து படித்தார். பல பிள்ளைகள் சொன்னதை வெர்தாம் வெட்டி ஒட்டியிருந்தார், சில இடங்களில் வயதையே மாற்றியிருந்தார்.

அதே 1954, செப்டம்பர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கார்பல்ஸ் என்ற தொழிலாளர் பேட்டை. ஒரு சாயங்காலம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், கம்பும் கத்தியுமாக, இடுகாட்டுக்குள் புகுந்தார்கள். ஏழடி உயரம், இரும்புப் பல், இரண்டு பையன்களைத் தின்றுவிட்ட ரத்தக் காட்டேரி ஒன்றைப் பிடிக்கப் போகிறார்களாம். பின்னால் இருந்த இரும்பு ஆலை புகையும் சிவப்பு வெளிச்சமும் கக்க, சின்னவர்கள் அலற, ஒரு போலீஸ்காரர் வந்து திகைத்து நின்றார். பையன் எவனும் காணாமல் போகவில்லை. சீக்கிரமே காரணம் கண்டுபிடிக்கப்பட்டது: அமெரிக்கக் காமிக்ஸ். இரும்புப் பல் காட்டேரி வந்த காமிக்ஸைத்தான் அன்று யாராலும் காட்ட முடியவில்லை. பைபிளில் தானியேல் புத்தகத்தில் இரும்புப் பல்லோடு ஒரு மிருகம் உண்டு. அதை யார் தடை செய்வது?

பாதிரியார்கள், ஆசிரியர் சங்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று ஒரே மேடையில் பார்க்க முடியாத கூட்டணி சேர்ந்து 1955இல் பிரிட்டனில் சட்டம் கொண்டுவர வைத்தது. அடுத்த வருஷமே நம் நாடாளுமன்றமும் இளைஞர் தீங்கு வெளியீடுகள் சட்டம் என்று ஒன்றை, ஏறக்குறைய அதே வாசகங்களோடு, நிறைவேற்றியது. கிளாஸ்கோ இடுகாட்டுக் கூச்சல் டெல்லி வரை கேட்டது என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்தான்.

1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா ஒரு காற்றடைத்த பொம்மையைக் கொண்டுவந்தார். பெரியவர் ஒருவர் அதைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த மழலைப் பள்ளிக் குழந்தைகள் தாங்களும் அடித்தார்கள். புகழ்பெற்ற சோதனை. அடித்தால் மறுபடி நிமிர்ந்து நிற்கிற அந்த பொம்மை அடிப்பதற்கென்றே செய்த பொம்மை என்பதையும் சொல்லிவிடலாம்.

வீடியோ கேம் கதைக்குள் நுழைவதே ஒரு பாக்கித் தகராறால். கலிஃபோர்னியாவில் எக்ஸிடி என்றொரு சின்ன கம்பெனி, கார்கள் மோதிக்கொள்ளும் தன் விளையாட்டைச் செய்து விற்கும் உரிமையைச் சிகாகோ கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தது. வரவேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை. தன் சரக்கோடு தானே போட்டியிடவும் முடியாது. என்ன செய்யலாம்? இருக்கிற மெஷினையே கொஞ்சம் மாற்றினார்கள். இடிக்க வேண்டிய கார்களுக்குப் பதில் ஓடுகிற உருவங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, உருவத்தை ஏற்றினால் ஒரு கிறீச். அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிலுவை முளைக்கும். கறுப்பு வெள்ளைத் திரை, தீக்குச்சி மாதிரி ஆட்கள். அவை மனிதர்கள் இல்லை, கிரெம்லின் என்ற குட்டிப் பிசாசுகள் என்று கம்பெனி சாதித்தது. ஆனால் தயாரிப்பின்போது அதற்கு வைத்திருந்த பெயர் 'பாதசாரி'! 1976இல் டெத் ரேஸ் என்ற பெயரில் வந்தது. ஒரு பெண் நிருபர் எழுதிய செய்தி நாடெங்கும் பரவி, தொலைக்காட்சி வரை போனது. விளைவு? கம்பெனிக்கு ஆர்டர் கூடியது. அந்த ஒரு பாடத்தை இந்தத் தொழில் இன்றுவரை மறக்கவில்லை.

1981இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் வீடியோ கேம்களையே தடை செய்தார். 1982இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், இவை பிள்ளைகளுக்குக் கேடு என்று பேசிவிட்டு, அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று மறுநாளே விளக்கம் கொடுத்தார். முதல் நாள் பேச்சுதான் நிலைத்தது.

பிறகு மார்ட்டல் காம்பாட். எதிராளியின் முதுகெலும்பைத் தலையோடு பிடுங்கும் சண்டை. 1993இல் வீட்டுக்கு வந்தபோது நிண்டெண்டோ ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. சேகாவோ ஒரு ரகசிய பொத்தான் வரிசையை அழுத்தினால் ரத்தம் கொட்டும்படி விட்டது. பையன்கள் எதை வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. செனட்டர் ஜோ லீபர்மன் டிசம்பர் 9 அன்று விசாரணையைத் தொடங்கினார். இரண்டு கம்பெனிகளும் செனட்டர்கள் முன்னாலேயே ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டன. காமிக்ஸ்காரர்கள் செய்ததையே இவர்களும் செய்து, 1994இல் வயது முத்திரை முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த பதிப்பில் நிண்டெண்டோவிலும் சிவப்பு ரத்தம்!

அந்த விசாரணைக்கு மறுநாள், 1993 டிசம்பர் 10 அன்று, டூம் என்ற சுடும் விளையாட்டு வெளியானது. அதன் அடுத்த பாகத்தை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை தன் வீரர்களின் பயிற்சிக்காக மாற்றி அமைத்தது. குறி பார்க்கச் சொல்லித்தர அல்ல. நாலு பேர் ஒரு குழுவாக எப்படி நகர்வது என்று பழக. 1999இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைக் கொன்றபோது, அவர்கள் டூம் ஆடியவர்கள் என்பதும், ராணுவமே டூமில் பயிற்சி தந்தது என்பதும் செய்திகளில் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

ஆய்வகங்கள் சுறுசுறுப்பாயின. விளையாடி முடித்தவரிடம், எதிரே இல்லாத ஓர் எதிராளியின் காதில் இரைச்சல் பாய்ச்சச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் பாய்ச்சுகிறார் என்பது ஆக்ரோஷத்தின் அளவு. இன்னொரு முறையில், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் ஊற்றித் தருகிறார் என்று எடை போட்டார்கள். (ஆந்திராவில் இந்தச் சோதனையை வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.) சுடும் விளையாட்டு ஆடியவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பாய்ச்சினார்கள். அந்தக் கொஞ்சத்திலிருந்து கொலை வரை ஒரே தாவாகத் தாவியவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் அல்ல, மைக் பிடித்தவர்கள்.

ஐரோப்பாவின் வழி வேறு. காரை மனிதர்கள் மேல் ஏற்றும் கார்மகெடன் 1997இல் வந்தபோது, பிரிட்டனில் மனிதர்களைப் பச்சை ரத்த ஜாம்பிகளாக மாற்றி விற்றார்கள். ஜெர்மனியில் ரோபோக்கள். 1954இல் செத்தவன் எழுந்து நடப்பதுதான் குற்றம். 43 வருஷத்தில் அவனே பரிகாரமாகிவிட்டான்.

கலிஃபோர்னியா 2005இல் இத்தகைய விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை போட்டது. கையெழுத்திட்ட கவர்னர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர். திரையில் அவர் சுட்ட ஆட்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சட்டத்தைத் தூக்கி எறிந்தது. குழந்தைகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கொல்லும் கிரிம் கதையை நீதிபதி ஸ்காலியா தீர்ப்பில் நினைவூட்டினார். சட்டத்தை எழுதிய லீலண்ட் யீ 2014இல் கைதானார். ஊழல் வழக்கு, கூடவே ஆயுதக் கடத்தல் சதி. நிஜத் துப்பாக்கிகள்.

ஆய்வுலகில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. 2018இல் 17,000 பேரின் தரவுகளைத் திரட்டிய அலசல், அடிதடிக்கும் இந்த விளையாட்டுகளுக்கும் சிறிய தொடர்பு உண்டு என்றது. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு, எதை எப்படி அளப்போம் என்று முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு ஆயிரம் பிரிட்டிஷ் பதின்பருவத்தினரை ஆராய்ந்து, தொடர்பே இல்லை என்றது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்துவது தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு, துப்பாக்கிச் சூட்டுக்கு இவற்றைக் காரணம் காட்டுவது அறிவியல் ஆகாது என்றது. இத்தனைக்கும் வீடியோ கேமில் மூழ்கிக் கிடக்கும் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் துப்பாக்கிக் கொலை அபூர்வம். என் கட்சி ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சாய்கிறது. தம்பியைத் தள்ளிவிடுவதற்கும் துப்பாக்கி தூக்குவதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிற வரை இந்த வாக்குவாதம் ஓயாது என்பதும் என் எண்ணம்.

நம் பக்கம், 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடியதற்காக இளைஞர்களைப் போலீஸ் கைதே செய்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதே விளையாட்டை நாடு முழுக்கத் தடுத்தபோது, சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. உள்ளே நடக்கும் சுடுகிற வேலை பற்றிப் பேச்சே இல்லை.

சீனாவிலும் பழி இடம் மாறிவிட்டது. 2021இல் அரசு அங்கே சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று ஆன்லைன் விளையாட்டு நேரத்தைச் சுருக்கியது. இந்த முறை குற்றச்சாட்டு வன்முறை அல்ல, அடிமைத்தனம். பையன்கள் தாத்தா பாட்டி பெயரில் கணக்குத் திறந்தார்கள். டென்சென்ட் என்ற விளையாட்டுக் கம்பெனி ராத்திரியில் ஆடுகிறவரின் முகத்தைக் கேமராவில் சோதிக்க ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. தூங்கிக்கொண்டிருக்கும் தாத்தாவை எழுப்பி ஒரு நிமிஷம் போனைப் பார்க்க வைத்தால், அதுவும் முடிந்தது.