பூம்புகார்க் கடலில் மூழ்கிய கப்பலும் தேடற்கருவிகளும்

பூம்புகார்க் கடலாய்வு என்பது, காவிரி கடலோடு கலக்கும் பகுதியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம், எஸ். ஆர். ராவ் வழிகாட்டலில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையுடன் சேர்ந்து நடத்திய ஆய்வாகும். 1991-இல் கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவ அமைப்பொன்று பதிவானது. பலரும் அதைப் பற்றியே எழுதுகின்றனர். கருவிகளைப் பற்றி அறிய விரும்புவோருக்கு, அதே கடலில் 19 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட உடைந்த கப்பலே கூடுதலாகக் கற்றுத்தரும்.

அக்கப்பலில் ஈயப் பாளங்கள் கிடைத்தன. அவற்றில் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்திய குடும்பத்தின் பெயர் அது. எனவே கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க இயலாது.

இத்தகைய கப்பலை எக்கருவியால் தேடுவது? சைடு ஸ்கேன் சோனார் ஒலியலைகளை இருபுறமும் வீசி, கடற்தரையின் மேடுபள்ளங்களைப் படமாக்கும். பரந்த பரப்பை விரைவில் அலசும். ஆனால் காவிரி கொண்டுவரும் வண்டலில் புதைந்தவை அதற்குத் தெரியா. அங்கு வண்டலை ஊடுருவும் தாழ் அதிர்வெண் ஒலிக்கருவி வேண்டும்.

காந்தமானி புவியின் காந்தப்புலத்தில் இரும்பு உண்டாக்கும் சிறு மாறுதலை அளக்கிறது. பீரங்கி, நங்கூரம் புதைந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும். தொலைவு இரு மடங்கானால் அம்மாறுதல் எட்டில் ஒரு பங்காகக் குறையும்; அதனால் கருவியைத் தரைக்கு அருகில் இழுத்துச் செல்ல வேண்டும். படகின் சொந்த இரும்பு குழப்பாதிருக்க நீண்ட கயிறும் தேவை. (எட்டாம் வகுப்பு மாணவர் காந்த ஊசியருகே ஆணியை நீட்டிப் பார்ப்பதும் இதே பாடந்தான்.)

ஈயமும் செம்பும் வெள்ளியும் காந்தமானிக்குப் புலப்படா. பாளங்கள் மட்டும் சிதறிக்கிடந்தால் அக்கருவி வாய் திறக்காது. அவற்றுக்கு மூழ்குவீரர் கையில் பிடிக்கும் உலோகங்காணி வேண்டும். அதன் எட்டும் தூரமோ பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். ஆகவே இடத்தைக் குறுக்கிய பிறகே அதனால் பயன். விலை உயர்ந்த ஒரே கருவியை வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுவது வீண்செலவு.

இலங்கையின் தென்கரையில் கொடவாயா அருகே சுமார் 33 மீட்டர் ஆழத்தில் கிடக்கும், ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான கப்பலை வெளிப்படுத்தியவர்கள் உள்ளூர்ச் சங்கு குளிப்போரே. எந்த இடத்தில் வலை சிக்கிக் கிழிகிறது என்பதை மீனவரிடம் முதலில் கேட்டறிவது இன்றும் கடலாய்வில் வழக்கமாக உள்ளது.