உணவில் வெள்ளை நிறமி: எதைச் சோதித்தோம் என்பதே கேள்வி

டைட்டானியம் டை ஆக்சைடில் ஊட்டமில்லை, சுவையில்லை. உணவைக் கெடாமல் காக்கும் ஆற்றலும் இல்லை. வெண்மை தருவது ஒன்றே அதன் வேலை. சூயிங்கத்திலும் மிட்டாய்களின் மேற்பூச்சிலும் கேக் ஐசிங்கிலும் பல பத்தாண்டுகளாக அது சேர்க்கப்பட்டு வருகிறது. இ171 என்ற குறியீட்டால் அறியப்படும் இந்தச் சேர்க்கைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் தடைசெய்தது. மறு ஆண்டே, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, இதற்குத் தினசரி உட்கொள்ளல் வரம்பு தேவையில்லை என்ற தன் பழைய முடிவை உறுதிசெய்தது. இரு தரப்பும் படித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றே. எந்த வடிவில் இருந்த பொருளைச் சோதித்த ஆய்வைச் சான்றாகக் கொள்வது என்பதில்தான் பிளவு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இ171-இன் துகள்கள் ஒரே அளவினவல்ல. ஒளியைச் சிதறடித்து வெண்மை தர 200 முதல் 300 நானோமீட்டர் வரையிலான துகள்களே ஏற்றவை. ஆனால் தயாரிப்பில் 100 நானோமீட்டருக்குக் குறைந்தவையும் கலந்தே வருகின்றன. எடைக் கணக்கில் அவை சொற்பம். எண்ணிக்கைக் கணக்கில் பாதியை நெருங்கவும் கூடும். ஐரோப்பிய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டுப் பரிந்துரையோ, துகள்களில் பாதிக்குக் குறையாதவை 1–100 நானோமீட்டர் அளவில் இருந்தால்தான் ஒன்றை நானோபொருள் என்றது. அந்தப் பெயருக்குள் அகப்படாமலே இ171 நானோதுகள்களைக் குடலுக்குள் கொண்டுசேர்த்தது.

பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், குடிநீரில் கலந்து 100 நாள் இ171 கொடுத்தனர். சில எலிகளின் பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றங்கள் தென்பட்டன. 2019-இல் வெளியான வேறோர் ஆய்வில் அதே பொருளைத் தீனியில் கலந்து அதே 100 நாள் கொடுத்தபோது அத்தகைய விளைவு காணப்படவில்லை. முதல் ஆய்வில் பொடியை மீயொலியால் நீரில் கலைத்ததால் திரள்கள் உடைந்து துகள்கள் பிரிந்திருந்தன. தீனியிலோ அவை புரதத்தோடும் கொழுப்போடும் ஒட்டித் திரண்டே இருக்க வாய்ப்பு அதிகம்.

கனடா, ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஆகியவற்றின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் 2022-இல் இந்த வேறுபாட்டையே முன்வைத்தன: மீயொலியால் கலைத்த துகள் உணவில் உள்ள துகள் அன்று என்றன. இதில் நியாயம் உண்டு, பாதி நியாயம்தான். உணவிலுள்ள புரதம் வயிற்றில் செரிக்கப்படுகிறது. அதன் பின் குடற்சுவரை எட்டும் துகள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அளக்காதவரை, தீனி ஆய்வு மட்டுமே மெய்யானது என்று தீர்ப்பளிக்க முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதத்தில் சொன்னதும் இ171 நஞ்சு என்றல்ல. உடல் உறிஞ்சும் அளவு குறைவு, உறிஞ்சப்பட்டது தேங்கக்கூடும், மரபணுவுக்குச் சேதம் விளைவிக்காது என்று உறுதிகூற இயலவில்லை, ஆகவே பாதுகாப்பான தினசரி வரம்பை வகுக்க முடியாது என்றது. வெண்மையைத் தவிர எதையும் தராத ஒரு பொருளுக்கு இந்த ஐயமே போதும். தடை சரியானது என்றே நான் கருதுகிறேன்.

பொட்டலப் பொருள்களுக்கு இதே தராசு பொருந்தாது. பிளாஸ்டிக்கில் பதித்த நானோகளிமண் தகடுகள் ஆக்சிஜனின் பாதையை நீட்டி உணவு கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன. அங்கே பயன் உண்டு. கேட்க வேண்டியது துகள் உணவுக்குள் கசிகிறதா என்பதே. நானோவெள்ளியில் இந்தக் கேள்வியும் சிக்கலாகிறது. அமிலத்தன்மை மிக்க உணவில் வெள்ளி அயனிகளாகக் கரைகிறது. அந்த அயனிகள் மீண்டும் புதிய துகள்களாகத் திரளவும் கூடும். சோதனைக் கரைசலில் துகள் தென்பட்டதாலேயே அது பிளாஸ்டிக்கிலிருந்து முழுத்துகளாக வெளியேறியது என்று முடிவுகட்டக் கூடாது. உணவைத் தொடும் பிளாஸ்டிக்குக்கான ஐரோப்பிய விதி, நானோ வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி கேட்பது இந்தக் காரணத்தாலும் பொருத்தமானது.

இந்தியாவில் டைட்டானியம் டை ஆக்சைடு உணவில் அனுமதிக்கப்பட்டே இருக்கிறது. நானோ அடிப்படையிலான வேளாண் இடுபொருள்களையும் உணவுப் பொருள்களையும் மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்களை உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் வெளியிட்டது. அந்த அக்கறை, நானோ என்ற பெயரின்றி விற்கும் நிறமிக்கும் நீள வேண்டும்: எடையோடு, துகள்களின் எண்ணிக்கைவாரி அளவுப் பரவலையும் தயாரிப்பாளர் ஒப்படைக்க வேண்டும். ஆய்வாளர்களும் துகளை எவ்வாறு கலைத்தோம், எந்த உணவில் சேர்த்தோம் என்பதை முறையியல் பகுதியில் விளக்கமாக எழுத வேண்டும். அவ்விவரம் இல்லாத கட்டுரையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.